பிள்ளை பிறந்த பின் 42 நாட்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் பிரசவ வார்டு செவிலியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வார்டைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். உங்களுக்கு எங்கள் நன்றி. நாங்கள் மேடையேறிப் பழகியவர்கள் அல்ல. எங்களில் இரண்டு பேர் இரவு டியூட்டி முடித்து நேரே இங்கு வந்திருக்கிறார்கள். ஆகையால் தெரியாத காரியங்களுக்குள் போகாமல், தினமும் கண்ணால் காணும் ஒன்றையே சொல்லுகிறோம். பிள்ளை பெற்ற தாய் எப்படித் தேறுகிறாள் என்பதே அது.

குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல நாங்கள் கதவைத் திறந்து வெளியே வந்தால், காத்திருக்கும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன குழந்தை?" அடுத்த கேள்வி, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" சுகப்பிரசவம் என்றால் முகங்கள் மலருகின்றன. ஆபரேஷன் என்றால் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுகிறார். வரும் ஆறு வாரங்களுக்கு அந்தப் பெண்ணை வீட்டில் எப்படி நடத்துவார்கள் என்பது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையிலேயே முடிவாகிவிடுகிறது. இதில் இரண்டு வகையான தவறு நடக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் இரண்டு தாய்மார் எங்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தார்கள். பெயர் சொல்வது முறையல்ல; மூத்தவள், இளையவள் என்றே சொல்லுகிறோம். மூத்தவளுக்கு அது இரண்டாம் பிரசவம். வலி வந்து பல மணி நேரம் ஆன பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு குறையத் தொடங்கியதால் டாக்டர் அம்மா அவசரமாக ஆபரேஷன் செய்தார். இளையவளுக்கு முதல் பிரசவம். விடிய விடிய வலியோடு போராடி, விடியற்காலையில் பெற்றாள். கிழிந்த இடத்தில் சில தையல்கள் போட்டோம். அவ்வளவுதான். இரண்டாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினோம். மூத்தவள் ஏழு நாள் இருந்து, தையல் பிரித்த பிறகு போனாள்.

இருவரில் யாரைக் குறித்து எங்களுக்குக் கவலை இருந்திருக்கும்? மூத்தவளைக் குறித்துத்தான். ஆனால் மூத்தவளின் தாயார் அவளோடு வந்திருந்தார். "வயித்தக் கிழிச்ச புள்ள" என்று சொல்லிச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீரைக்கூட மகளைத் தூக்க விடவில்லை. சொன்ன நாளில் வந்து காட்டினார்கள். ஆறாவது வாரம் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நடந்து வந்தாள்.

இளையவளுக்குத் தாயார் இல்லை. முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மாமியார் வீட்டுக்கே போனாள். மாமியார் கெட்டவர் அல்ல. ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே பெற்று, பத்தாம் நாள் களையெடுக்கப் போனவர். "சுகப்பிரசவம்தானே" என்றார். நான்காம் நாள் முதல் தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பதும் சமையலும் மருமகள் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் நாள் இரவு குளிர் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பில் இரத்தமே இல்லாதது போல வெளுத்திருந்தாள். போக்கில் துர்நாற்றம் வீசியது. கர்ப்பப்பைக்குள் ஒரு சிறு சவ்வுத்துண்டு தங்கி, அதில் கிருமி பிடித்திருந்தது. அதை அகற்றி, இரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, அவள் பிழைப்பாள் என்று சொல்ல எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குடம் தூக்கியதால் அந்த ஜுரம் வரவில்லை. ஆனால் ஐந்தாம் நாளே நாற்றம் தெரிந்தது. ஏழாம் நாளே உடம்பு சுட்டது. "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்" என்றாள். நடமாடி வேலை செய்கிற பெண்ணின் நெற்றியை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. படுத்திருந்தால் யாராவது தொட்டிருப்பார்கள்.

வார்டு வாசலில் அந்த மாமியார் உட்கார்ந்து அழுதார். "சிஸ்டரம்மா, எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். அது உண்மை. வீட்டுக்குப் போகும்போது எங்கள் அறிவுரைச் சீட்டை அந்தப் பெண்ணின் கணவரிடம் கொடுத்திருந்தோம். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டை நடத்துகிறவர் மாமியார்; அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மனதிலும் "சுகப்பிரசவம்தானே" என்ற எண்ணமே இருந்தது. குறை எங்களுடையது.

பிரசவத்துக்குப் பின் உடம்புக்குள் நடப்பதை எளிமையாகச் சொல்லுகிறோம். குழந்தை எந்த வழியாக வந்தாலும், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து பிரிந்துதான் வருகிறது. அது பிரிந்த இடம் ஒரு பெரிய பச்சைப் புண். பிள்ளை பெற்ற அன்று கர்ப்பப்பை சுமார் 1 கிலோ எடை இருக்கும். தொப்புள் அளவுக்கு உயர்ந்து நிற்கும். அது நாளுக்கு நாள் சுருங்கி, சுமார் 2 வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய 6 வாரத்தில் 60 கிராம் அளவுக்குத் திரும்புகிறது. இரத்தப்போக்கு முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் வெளுத்தும் 4 முதல் 6 வாரம் வரை இருக்கும். நம் பாட்டிமார் நாற்பது நாள் கணக்கு வைத்ததும், மருத்துவர்கள் 42 நாள் என்று சொல்லுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இந்தப் புண் சுகப்பிரசவத் தாய்க்கும் உண்டு, ஆபரேஷன் தாய்க்கும் உண்டு.

சுகப்பிரசவமானால் தேறுவது விரைவு என்பது மெய்தான். சில மணி நேரத்தில் எழுந்து நடக்கலாம், உடனே சாப்பிடலாம். இரத்த இழப்பும், கிருமி பிடிக்கும் அபாயமும், காலில் இரத்தம் உறையும் அபாயமும் ஆபரேஷனைவிடக் குறைவு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும் எளிது. ஆனால் "சுகம்" என்ற சொல் பல வேதனைகளை மூடி மறைக்கிறது. முதல் பிரசவத்தில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறிதாவது கிழிசல் ஏற்படுகிறது. சில வாரங்களுக்கு உட்கார்ந்தால் வலி. மலம் கழிக்கப் பயம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். வெட்கத்தால் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஆசனவாய்த் தசை வரை கிழிவது அரிது. அப்படிக் கிழிந்தால் நீண்ட கவனிப்பு வேண்டும். சிறுநீரை அடக்குவது போல இடுப்பின் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை தினமும் செய்தால் கசிவு பெரும்பாலும் குறையும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் "சுகமாகப் பெற்றவளுக்கு" அந்த ஐந்து நிமிடத்தை யாரும் ஒதுக்குவதில்லை.

ஆபரேஷனில் தோல், கொழுப்பு, அதன் கீழே உறுதியான ஒரு சவ்வு, வயிற்று உறை, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொரு அடுக்காகத் திறக்க வேண்டும். வயிற்றுத் தசையை வெட்டுவதில்லை, விலக்கித்தான் வைக்கிறார்கள் என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். வெளித்தோல் ஒரு வாரம், பத்து நாளில் சேர்ந்துவிடும். உள்ளே உள்ள உறுதியான சவ்வுக்கு ஆறு வாரமாவது ஆகும். "தையல் பிரித்தாயிற்று, ஆறிவிட்டது" என்று நினைத்து அரிசி மூட்டையை நகர்த்துகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிள்ளையின் எடைக்கு மேல் ஆறு வாரம் தூக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லுவது இதற்காகவே. தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்திருப்பதுண்டு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

அதே சமயம், ஆபரேஷன் தாயைக் கட்டிலோடு கட்டிப்போடுவதும் தவறு. கால் மரத்துப்போனது தெளிந்ததும், பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்க, அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வேண்டும். அசையாத காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் நடக்கச் சொல்லும்போது கூட இருக்கும் பாட்டிமார் எங்களை இரக்கமற்றவர்கள் என்று ஏசுவார்கள். நாங்கள் கோபப்படுவதில்லை. அந்த நாலு அடி நடை உயிர் காக்கும் என்பதை நாங்கள் அறிவோம்.

மிகவும் கடினமாகத் தேறுகிறவர் யார் தெரியுமா? பல மணி நேரம் பிரசவ வலியைத் தாங்கி, முடிவில் ஆபரேஷனும் செய்துகொண்டவர். அவருக்கு இரண்டு களைப்பும் சேர்ந்து வருகிறது. அவரிடம் போய், "இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் சுகப்பிரசவம் ஆகியிருக்கும்" என்று சொல்லும் உறவினர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த வார்த்தை தையலைவிட அதிகமாக வலிக்கும். பிள்ளையின் உயிருக்காகத் தன் வயிற்றைக் கொடுத்தவள் பிரசவத்தில் தோற்றவள் அல்ல.

"இப்போதெல்லாம் ஆபரேஷன் கூடிவிட்டதே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 100 பிரசவங்களில் 21.5 ஆபரேஷன். தமிழ்நாட்டில் அது 44.9. நான்காம் ஆய்வில், 2015-16இல், தமிழ்நாட்டின் கணக்கு 34.1ஆக இருந்தது. ஒரு நாட்டில் ஆபரேஷன் 100க்கு 10 என்ற அளவைத் தாண்டிப் போவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. அப்படியானால் தேவையில்லாமல் நடக்கிற ஆபரேஷன்கள் உண்டு. அதைக் கேட்க வேண்டிய இடம் டாக்டரின் அறை. கேட்க வேண்டிய நேரம் பிரசவத்துக்கு முந்திய மாதங்கள். தையலோடு படுத்திருக்கிறவளிடம் அந்தக் கணக்கைக் கேட்கக் கூடாது. நஞ்சுக்கொடி வாசலை அடைத்தவளுக்கும், குழந்தை குறுக்கே கிடந்தவளுக்கும் அந்த ஆபரேஷன் இல்லாவிட்டால் கல்லறைதான் மிஞ்சும் என்பதையும் மறவாதிருப்போம்.

ஆபரேஷனின் பலன் அடுத்த பிரசவத்திலும் தெரியும். கர்ப்பப்பையில் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அடுத்து, நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிப் பிரியாமல் போகும் அபாயம் ஏறுகிறது. ஆகையால் அடுத்த கர்ப்பத்துக்கு முன் 2 ஆண்டாவது இடைவெளி வேண்டும். இது எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தும். "ஒருமுறை ஆபரேஷன் என்றால் என்றைக்கும் ஆபரேஷன்" என்று 1916இல் நியூயார்க் மருத்துவர் ஒருவர் எழுதியதை உலகம் வெகுகாலம் சட்டமாகவே வைத்திருந்தது. இன்று அப்படியல்ல. தகுந்தவர்களைத் தேர்ந்து, அவசர ஆபரேஷனுக்கு வசதியுள்ள இடத்தில் முயன்றால், 100 பேரில் 70 பேருக்கு மேல் அடுத்ததைச் சுகமாகப் பெறுகிறார்கள். தழும்பு விட்டுப்போகும் அபாயம் ஏறக்குறைய 200இல் ஒருவருக்கு. அதனால்தான் வீட்டிலோ, வசதியில்லாத இடத்திலோ முயலக் கூடாது என்கிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம். 2011இல் வந்த மத்திய அரசின் திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவத் தாய்க்கு 3 நாளும், ஆபரேஷன் தாய்க்கு 7 நாளும் இலவச உணவு உண்டு. அந்த 4 நாள் வித்தியாசம் நியாயமானது. ஆனால் 42 நாளில் மீதி 35 நாளும், 39 நாளும் வீட்டுச் சமையலறையின் கையில் இருக்கிறது.

நம் வீடுகளில் நல்ல வழக்கங்கள் பல உண்டு. பூண்டு, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் நல்லவை. ஆனால் பத்தியம் என்ற பெயரில் சில வழக்கங்கள் தாயை வாட்டுகின்றன. "தண்ணீர் குடித்தால் வயிறு போடும்" என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்துகிறார்கள். பால் கொடுக்கிற பெண்ணுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கலும் சிறுநீர் எரிச்சலும் வரும். "பருப்பும் முட்டையும் தின்றால் தையல் சீழ் பிடிக்கும்" என்கிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால். பருப்பும் முட்டையும் புண்ணை ஆற்றுகிற உணவுகள். "முதுகில் ஊசி போட்டவள், ஆயுளுக்கும் முதுகுவலி" என்கிறார்கள். குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பதும், கர்ப்பத்தில் தளர்ந்த தசையுமே பெரும்பாலும் அதற்குக் காரணம். சுகமாகப் பெற்றவர்களுக்கும் அந்த வலி வருகிறது. நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே பிள்ளை பெற்ற பின்னும் 180 நாள் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். வார்டில் கொடுத்த மாத்திரைகள் பல வீடுகளில் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கின்றன.

எந்த வகைப் பிரசவமானாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய துணி நனையும் அளவுக்கு இரத்தம் போனால், ஜுரமோ நாற்றமோ வந்தால், தையல் சிவந்து கசிந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால், நாளை வரை காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். இன்னொன்றும் உண்டு. முதல் சில நாள் காரணமின்றி அழுவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் அவள் பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காமல், தூங்காமல், செத்துப்போகலாமா என்று பேசினால், அது பேய் பிடித்ததல்ல, திமிரும் அல்ல. அது சிகிச்சையால் குணமாகிற நோய். செத்துப்போகிற பேச்சு வந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். அன்றே அழைத்து வாருங்கள்.

நீங்கள் எங்கள் வார்டுக்குக் கட்டில்களும் போர்வைகளும் கொடுத்திருக்கிறீர்கள். இன்று அவற்றைக் கேட்க வரவில்லை. உங்கள் தெருவிலும், உங்கள் சபையிலும், சென்ற 42 நாளுக்குள் பிள்ளை பெற்ற ஒரு பெண் இருப்பாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் குழந்தைக்குச் சட்டையும் பவுடரும் கொண்டுபோவீர்கள், நல்லது. அதோடு ஒரு தூக்குவாளியில் குழம்பும் கொண்டுபோங்கள். அவளுக்காக இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். மூத்த பிள்ளையை ஒரு மணி நேரம் உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள், அவள் தூங்கட்டும். புறப்படுமுன் அவள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுகப்பிரசவம் என்று கேள்விப்பட்டால் இன்னும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

நாங்களும் மாறிக்கொண்டோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த வீட்டில் சமைக்கிறவர் யார், தண்ணீர் எடுக்கிறவர் யார் என்று கேட்டு, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லுகிறோம். சீட்டு சட்டைப்பைக்குள் போனாலும் பரவாயில்லை.

அந்த இளையவள் மூன்று ஆண்டுக்குப் பிறகு இரண்டாம் பிரசவத்துக்கு எங்களிடமே வந்தாள். கூட வந்தவர் அதே மாமியார். குழந்தை பிறந்ததும் நாங்கள் கதவைத் திறந்து, "பெண் குழந்தை" என்றோம். வழக்கமான இரண்டாவது கேள்விக்குப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றோம். அவர் அதைக் கேட்கவில்லை.

"மருமக எப்படி இருக்கா, சிஸ்டரம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியை உங்கள் வீடுகளுக்கும் எடுத்துக்கொண்டு போகும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.